சான்றுப்பொருள் ஒன்று

தன் கட்சிக்கு ஆதாரமாக
ஹெக்டர் மக்கின்டாயர் கொண்டுவந்தது
ஒரு கண்ணாடி ஜாடி.
முன்பு பீட்ரூட் ஊறுகாய் இருந்தது,
மூடியில் இன்னும் அந்தக் கறை.
உள்ளே கிணற்றுத் தண்ணீர்,
பால் விட்ட தேநீர் நிறத்தில்.
"ஏழு வருஷமாய் இதைத்தான் குடிக்கிறேன்" என்றார்.

எதிரே லியோ புத்ரோ,
கிணற்றுக்குப் பத்தடி தள்ளிப்
படகுக் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டியவர்,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கேப் பிரெட்டனில் மார்ச் மாதம்.
கடலில் பனிக்கட்டி
கரையை விட்டு நகர மனமில்லாமல் கிடந்தது.
தீயணைப்பு நிலையத்தின் மாடி அறை.
பிளாஸ்டிக் நாற்காலிகள். இருமும் ஹீட்டர்.

மத்தியஸ்தர் வெர்னா ஓகில்வி
ஹாலிஃபாக்ஸிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்தவர்.
அவர் விரித்த படிவத்தில்
ஒரே ஒரு வினைச்சொல்: செட்டில்.

நமக்குத் தெரிந்ததுதான்.
பையன் செட்டில் ஆகிவிட்டானா என்று
பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பாரே, அது.
அங்கே அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம்.
வழக்கு செட்டில் ஆகும். பாக்கி செட்டில் ஆகும்.
கூரைமேல் பனி, பயணத்துக்குப் பின் வயிறு.
புதுவீடு அரை அங்குலம் மண்ணில் இறங்கி
சுவர் விரிசல் விட்டால்
"செட்டில் ஆகிறது, பயப்படாதே" என்பார் கொத்தனார்.
ஆதியில் அதற்கு
உட்காரும் இடம் என்று பொருளாம்.

உட்கார்ந்துதான் இருந்தார்கள் இருவரும்,
காலை ஒன்பதிலிருந்து.

ஒன்றரை மணிக்குப் பார்த்தால்
ஜாடித் தண்ணீர் தெளிந்திருந்தது.
அடியில் ஒரு விரற்கடை சேறு.
அதற்கு மேலே
லியோவின் சட்டைப் பொத்தான் தெரிகிற அளவுக்குத் தெளிவு.
ஹெக்டர் எடுத்துக் குலுக்கினார்.
"இப்போது பாருங்கள்."

மூன்று மணிக்கும் குலுக்கினார்.
நாலேகாலுக்கு ஜாடியைத் தூக்கும்போது
தோள் பிடித்துக்கொண்டது,
பாதியில் நின்றது கை.
"கொடு" என்றார் லியோ,
அன்று அவர் பேசிய முதல் சொல்.
"நான் குலுக்குகிறேன்."

கொடுத்தார்.
லியோவும் ஏமாற்றவில்லை.
நன்றாக, அடிச்சேறு முழுதும் கலங்கும்வரை
குலுக்கி
ஹெக்டர் பக்கம் நகர்த்தி வைத்தார்.
வெர்னா ஏதோ எழுதப்போய்
எழுதாமல் பேனாவை மூடினார்.

புது ஆழ்துளைக் கிணறு, செலவில் பாதி லியோவுடையது.
ஹெக்டர் கேட்டது முழுசு.
கிடைத்தது போதும் என்பதற்கும்
அதே வினைதான், வாலில் ஒரு சிறு சொல் ஒட்டி.

தட்டச்சு செய்தவள் டானெல் சில்லிபாய், மிக்மாக் பெண்.
அந்த வினையோடு ஓர் 'அர்' சேர்ந்தால்
கப்பலில் வந்திறங்கியவர்கள்.
அவர்கள் செட்டில் ஆன நாளில்
எதிர்ப்பக்கம் யாரும் நாற்காலி போடவில்லை.
டானெல் ஒன்றும் சொல்லவில்லை.
புத்ரோவில் விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்த்தாள்.

இதைத் தமிழில் எழுத
முதலில் 'தீர்' என்றுதான் வைத்தேன்.
வழக்கு தீரும், சரி.
அரிசியும் தீரும். ஆளையே தீர்த்துவிடவும் செய்யலாம்.
அடித்துவிட்டு 'படி' என்று எழுதினேன்.
வண்டல் படியும், பேரம் படியும்,
எண்ணெய் வைத்தால் தலைமுடி படியும்,
காற்று வரும்வரை.

கையெழுத்தாகி எல்லோரும் போனபின்
ஜாடி மேஜையிலேயே இருந்தது.
இருட்டும் நேரம்
எங்கோ புகைபோக்கியில் தீ என்று அழைப்பு.
கீழே வண்டி உறுமிக் கிளம்ப
தரை அதிர்ந்தது.
அடியிலிருந்து ஒரு நூலளவு சேறு
மெல்ல எழுந்து
சுழன்றது, பார்க்க ஆளில்லாமல்.